குழந்தையின் சிறுநீர்க்குழாய்க் கல்லை லேசர் எப்படி உடைக்கிறது?

"ஏழு வயதுப் பையனுக்குச் சிறுநீர்க்குழாயில் கல்லாம், வயிற்றைக் கிழிக்கணுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயைத்தான் சிறுநீர்க்குழாய் என்கிறோம். பெரும்பாலும் வேண்டியதில்லை. சிறிய கல் தானாகவே வந்துவிடும். வராமல் அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே யூரிட்டரோஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்கிக் கருவியை உள்ளே அனுப்பலாம். குழந்தைகளுக்கென்று நுனி ஒன்றரை மி.மீ. மட்டுமே உள்ள கருவிகள் இருக்கின்றன. இந்த வழியில் முதன்முதலாக உள்ளே பார்த்ததே ஒரு குழந்தைக்குத்தான்: 1912இல் அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங், அடைப்பால் வீங்கிப்போயிருந்த சிறுநீர்க்குழாய் வழியே சிறுநீரகம் வரை போய்ப் பார்த்தார்.

சரி, அந்தக் கருவிக்குள் விட்ட மெல்லிய கண்ணாடி இழை வழியாகப் போய்க் கல்லை உடைப்பது ஹோல்மியம் லேசர், விட்டுவிட்டுத் துடிப்புகளாக வரும் ஒளி. எனக்கு அலுக்காத விஷயம் இதுதான். இதன் அலைநீளம் சுமார் 2.1 மைக்ரோமீட்டர். அந்த அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும், அரை மி.மீ. போவதற்குள் பெரும்பகுதி காலி. குழாய்க்குள்ளோ உப்பு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் கல்லுக்கு ஒளி எப்படிப் போய்ச் சேரும்? ஒவ்வொரு துடிப்பின் முன்பகுதியும் இழையின் நுனியில் இருக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஒரு நீராவிக் குமிழியை உண்டாக்குகிறது, ஆவி அவ்வளவாக ஒளியை உறிஞ்சாது என்பதால் அதே துடிப்பின் மிச்சப்பகுதி அந்தக் குமிழி வழியாகப் போய்க் கல்லைத் தாக்குகிறது! சூட்டில் கல்லின் வேதிப்பொருள் சிதைகிறது, அதன் நுண்துளைகளில் இருக்கும் நீரும் சட்டென்று ஆவியாகி உள்ளிருந்தே கல்லை வெடிக்கவைக்கிறது. குமிழி மறைகிறது, அடுத்த துடிப்பு வருகிறது, இப்படி நொடிக்குப் பல முறை.

ஒளியை விழுங்கும் அந்த நீர்தான் பிள்ளையின் மெல்லிய குழாய்ச் சுவரையும் காப்பாற்றுகிறது. சில மி.மீ. தள்ளியிருந்தாலே சுவருக்கு ஒளி எட்டாது. ஆனால் நுனி சுவரைத் தொட்டால் ஓட்டை விழும், நீரும் சூடாகும். அதனால்தான் குறைந்த ஆற்றல், இடைவிடாத நீரோட்டம் எல்லாம்.

வாழைத்தண்டுச் சாறு கொடுத்தே மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அடைபட்ட சிறுநீரகம் வெளியே தெரியாமல் கெட்டுப்போகலாம். அடைப்போடு காய்ச்சலும் வந்தால் அது அவசரநிலை, முதலில் ஸ்டென்ட் என்ற மெல்லிய வடிகுழாயை உள்ளே வைத்தோ வேறு வழியிலோ சிறுநீரை வடியவிடுவார்கள், லேசரெல்லாம் பிறகுதான். எடுத்த துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். சிஸ்டினூரியா (சிறுநீரில் சிஸ்டின் என்ற பொருள் அதிகமாகிக் கல்லாவது) போன்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும், கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.