பத்மநாபபுரம் மந்திரசாலை ஏன் குளிர்ந்திருக்கிறது?

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சித்திரை வெயிலில் சென்று, பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் செங்குத்தான மரப்படிகளில் ஏறி மேல்தளத்தை அடைந்தால், உடம்பில் இருந்த வெக்கை தணிவதை உணரலாம். திருவிதாங்கூர் மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய மந்திரசாலை அது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் இந்த அரண்மனை பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அரண்மனை அமைந்துள்ள கல்குளம் தாலுகா தமிழகத்தோடு இணைந்த பிறகும், இதைக் கேரள அரசே பராமரித்து வருகிறது.

குளிர்ச்சி கூரையிலிருந்தே தொடங்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மண் இது என்பதால், நீர் தேங்காமல் வழிய ஓட்டுக்கூரை சரிவாக அமைக்கப்பட்டு, அதன் இறவாரம் சுவரைத் தாண்டி வெகுவாக நீண்டிருக்கிறது. மழைக்காக நீட்டிய அந்த இறவாரமே உச்சி வெயிலையும் சுவரில் விழாமல் தடுக்கிறது. சூடான காற்று மேலெழுந்து ஓடுகளின் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேற, அழிகள் எனப்படும் மரச் சட்டங்களின் இடைவெளிகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது.

சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண மைக்காத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நம் ஊர்களில் காக்காய்ப்பொன் என்று சொல்லப்படும் இந்தக் கனிமம் ஏடு ஏடாகப் பிரியும் தன்மையுடையது. மெல்லிய ஏடு ஒளியை ஊடுருவ விடும், வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே அறைக்குள் மங்கலான வெளிச்சம் மட்டும் பரவுகிறது; தூசியும் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

என்னை மிகவும் கவர்வது தரைதான். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து பூசியது என்று சொல்லப்படும் அந்தக் கரிய தரை, இன்றும் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீரில் நீற்றிப் பூசிய பின், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. வெள்ளைக்கருவின் புரதம் துகள்களைப் பிணைத்து வழவழப்பைத் தர, நன்றாகப் பொடித்த கரி கருமை நிறத்தைத் தருகிறது. இருந்தும், எந்தப் பொருள் எவ்வளவு, எத்தனை நாள் தேய்ப்பு என்ற கைப்பக்குவம் தெரியாமல், பொருள்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மெருகைக் கொண்டுவர முடியாது.

இத்தகைய கட்டடங்களில் விரிசல் கண்டால் சிமெண்ட் கொண்டு அடைப்பது பெரும் தவறு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்டோ அதை உள்ளேயே சிறைவைத்து, அருகிலுள்ள மரத்தை உளுக்கச் செய்துவிடும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும். அதற்கு நீற்றவும் அரைக்கவும் மெருகேற்றவும் தெரிந்த கொத்தனார்கள் நம்மிடையே இருக்க வேண்டும்.