இனிப்பு மிளகாய் விதைக்குள் காரம் நுழைவது எப்படி?

1887இல் தெற்கு இத்தாலியின் ருவோட்டி என்ற ஊரிலிருந்து நார்டெல்லோ குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கூடவே ஒரு நீள மிளகாயின் விதையும் போனது. சிவக்கச் சிவக்கப் பழுக்கும், ஆனால் துளியும் காரம் கிடையாது. கனெக்டிகட்டில் அதைத் தொடர்ந்து பயிரிட்ட மகன் ஜிம்மி, 1983இல் இறப்பதற்கு முன் விதையை, பழைய ரக விதைகளைக் காக்கும் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' அமைப்பிடம் கொடுத்தார். இன்று அந்த ரகத்துக்கு அவர் பெயர்தான். கிட்டத்தட்ட நூறு வருடம் காரம் கலக்காமல் ஒரு விதையைக் காப்பாற்றியது சாதாரணக் காரியமில்லை.

மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின். பலரும் நினைப்பதுபோல் அது விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நடுச்சதையில் சுரக்கிறது. அதற்கு 'புன்1' என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். குடைமிளகாயில் அந்த மரபணுவின் தொடக்கத்தில் சுமார் 2,500 டிஎன்ஏ எழுத்துகள் அறுந்துபோயிருக்கின்றன. தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் இப்படிப் பழுதான பிரதி வந்தால் காரமில்லை. ஒரு பக்கம் நல்ல பிரதி வந்தாலே காரம் திரும்பிவிடும்.

மிளகாய்ப்பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனாலும் பக்கத்துத் தொட்டியில் பச்சை மிளகாய் பூத்திருந்தால் தேனீ சும்மா இருக்குமா? இதில் நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கலப்பு நடந்த அந்தக் காய் இனிப்பாகவே இருக்கும், ஏனென்றால் சதை முழுக்கத் தாய்ச்செடியுடையது. விதை மட்டும்தான் கலப்பு. நம்பிக்கையோடு எடுத்து வைத்து விதைத்தால், அடுத்த வருடம் காய் நாக்கைச் சுடும்.

அதனால் விதைக்கென்று சில மொட்டுகளை, விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடுங்கள். பூ விரிந்ததும் பையோடு லேசாகத் தட்டிவிட்டால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்குக் காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். அப்புறம் பொறுமை வேண்டும். பச்சையாகப் பறிக்கும் காய் முற்றாதது, அதன் விதை சரியாக முளைக்காது. முழுக்கச் சிவக்கும்வரை செடியிலேயே விட்டு, பிறகு விதையை நிழலில் உலர்த்துங்கள்.

மண் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும்.

அந்தச் செடிகளில் ஒன்று காரமாகக் காய்த்தால் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். அதன் மகரந்தம் ஏற்கெனவே சுற்றியிருக்கும், அதனால் அந்த வருடம் நூல் கட்டிய காய்களிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.