ஆவியாகும் கரைப்பான் ஆழத்தில் தங்குவது எப்படி?

உலோக உறுப்புகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அகற்றத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவந்த டிரைகுளோரோ எத்திலீன் என்னும் கரைப்பான், திறந்த தட்டில் ஊற்றிவைத்தால் விரைவில் ஆவியாகிவிடும். காற்றில் கலந்த பிறகும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதில் பாதி சிதைந்துவிடுகிறது. இதை மட்டும் பார்ப்பவருக்குத் தரையில் கொட்டினாலும் காற்றோடு போய்விடும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இக்கரைப்பானின் ஆபத்து, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு லிட்டர் டிரைகுளோரோ எத்திலீனின் எடை ஏறத்தாழ 1.46 கிலோகிராம். கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். நீரைவிடக் கனமான இதுவோ நீர்மட்டத்தையும் கடந்து கீழிறங்கி, களிமண் படுகையோ பிளவற்ற பாறையோ தடுக்கும் இடத்தில் தேங்கும். லிட்டர் நீரில் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக மட்டுமே கரையும் என்பது முதலில் ஆறுதலாகத் தெரியலாம். உண்மையில், தேங்கிய குட்டை பல பத்தாண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரோட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் குறைந்த கரைதிறனே காரணம். குடிநீரில் அமெரிக்கா அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புவரை கொண்டுசென்றுவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் நகரில் 1979இல் இரண்டு பொதுக் கிணறுகள் மூடப்பட்டபோது, அவற்றின் நீரில் கண்டறியப்பட்ட மாசுகளில் இதுவும் ஒன்று.

ஆகவே மாசின் ஆபத்தை மதிப்பிடுவோர் கசிவின் இருப்பிடம், அது நகரும் வழி, அதை அருந்துவோர் அல்லது சுவாசிப்போர் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்திப் பார்க்கிறார்கள். குடிநீரை மட்டும் சோதித்தால் போதாது. மாசுபட்ட நீரிலிருந்து எழும் ஆவி மண்ணின் வழியே மேலேறி, அடித்தள விரிசல்களில் நுழைந்து வீட்டுக்குள் சேரும் என்பதால், மண்காற்றையும் அறைக்காற்றையும் அளக்க வேண்டும். இப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது.

பலரும் தவறவிடுவது சிதைவுப் பொருள்களைத்தான். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் இம்மூலக்கூறின் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. டிஹாலோகாக்காய்டிஸ் என்னும் பாக்டீரியங்களில் சில வகைகள் அவ்வேலையை முடித்து, தீங்கு குறைந்த எத்திலீனாக மாற்றிவிடும். அவை போதிய அளவில் இல்லாத இடத்தில் பணி பாதியில் நின்று, வினைல் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் தேங்கக்கூடும். அதற்கு அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். எனவே டிரைகுளோரோ எத்திலீன் குறைந்துவருவதாகக் காட்டும் அறிக்கையில், வினைல் குளோரைடின் அளவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிணறு தேறிவருவதாகக் கொள்ள முடியும்.