நூறு பேருக்கு மேல் கூடும் விழா: குப்பை தொடர்பான விதிகளும் ஏற்பாட்டாளரின் கடமைகளும்

குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா, தெருவில் பந்தல் போட்டு நடத்தும் அன்னதானம், பூங்காவில் நடக்கும் மரம் நடும் நிகழ்ச்சி, மைதானத்தில் நடக்கும் பள்ளி ஆண்டு விழா என எதுவாக இருந்தாலும், அங்கே சேரும் குப்பைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. சேரும் கழிவை அந்த இடத்திலேயே தரம் பிரித்து, உள்ளாட்சி குறிப்பிடும் பணியாளரிடமோ முகமையிடமோ ஒப்படைக்கும் பொறுப்பையும் அவை ஏற்பாட்டாளர் மீதே வைக்கின்றன.

இதில் ‘உரிமம் பெறாத இடம்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். திருமண மண்டபம் போன்ற உரிமம் பெற்ற இடங்களுக்கு இந்த முன்னறிவிப்பு பொருந்தாது. தெரு, மைதானம், பூங்கா, கடற்கரை, காலி மனை ஆகியவற்றுக்கே இது பொருந்தும். காவல் துறையிடம் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் அனுமதி வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. சென்னையில் என்றால் உங்கள் வார்டு அடங்கிய மண்டல அலுவலகத்துக்கு, நிகழ்ச்சியின் நாள், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், உணவு பரிமாறப்படுமா என்ற விவரங்களுடன் ஒரு கடிதம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது. உணவு பற்றிய விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எத்தனை வண்டி அனுப்ப வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மண்டபத்தில் நடத்தினால் பொறுப்பே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்களை விதிகள் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என்று வகைப்படுத்துகின்றன. பெரிய மண்டபங்களும் உணவு விடுதிகளும் இந்த வகைக்குள் வந்துவிடும். அவர்கள் மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். எனவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே, இலையும் மிச்சச் சோறும் எங்கே போகின்றன என்று கேட்கும் உரிமை வாடகை கொடுப்பவருக்கு உண்டு. கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் பதில் சொல்லும் மண்டபங்களும் குறைவாக இருக்கின்றன என்பது என் எண்ணம்.

பிரிக்கும் முறையைப் பொறுத்தவரை, 2016 விதிகள் மக்கும் கழிவு, மக்காத உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்டு வெளியான புதிய விதிகள் இதை ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காக்கியுள்ளன. குழந்தைகளின் டயப்பரும் நாப்கினும் சுகாதாரக் கழிவில் சேரும். பழைய பல்பு, பெயிண்ட் டப்பா, காலாவதியான மருந்து ஆகியவை நான்காம் வகை. ஒரு விழாவுக்கு நடைமுறையில் பெரிதாகத் தேவைப்படுபவை முதல் இரண்டு தொட்டிகளே. அவற்றையும் பந்தியின் வாசலில், கை கழுவும் இடத்துக்கு முன்னால் வைத்து, அருகில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் பிரித்தல் நடக்கும். பந்தல் மூலையில் வைத்த தொட்டியில் எல்லாம் ஒன்றாகவே விழும்.

இனி, எதைப் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு வருவோம். சிக்கல் அதிகம் உள்ள பகுதி இது. காரணம், தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தடைப் பட்டியல்கள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, 2018 ஜூன் 25 நாளிட்ட மாநில அரசாணை. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஆணை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 பொருட்களைத் தடை செய்கிறது. உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் தட்டும் கிண்ணமும், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், தூக்குப் பை, பிளாஸ்டிக் கொடி ஆகியவற்றோடு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் காகிதக் கோப்பையும் இதில் அடங்கும். பைக்கு எந்தத் தடிமன் வரம்பும் இல்லை. எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தடைதான்.

இரண்டாவது, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அமலான ஒன்றிய அரசின் தடை. இதில் பிளாஸ்டிக் கரண்டி, முள்கரண்டி, கத்தி, பலூனுக்குச் செருகும் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, அலங்காரத் தெர்மாகோல், இனிப்புப் பெட்டியின் மேலும் அழைப்பிதழின் மேலும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, 100 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த தடிமனுள்ள பேனர் ஆகியவை உள்ளன.

இரண்டு பட்டியல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் கரண்டி மாநிலப் பட்டியலில் இல்லை. ஒன்றியப் பட்டியலில் உண்டு. 120 மைக்ரான் தடிமனுள்ள தூக்குப் பையை ஒன்றிய விதி அனுமதிக்கிறது. மாநில ஆணை அனுமதிப்பதில்லை. பூச்சுள்ள காகிதக் கோப்பை ஒன்றியப் பட்டியலில் இல்லை என்று சமையல் ஒப்பந்தக்காரர் சொன்னால் அது உண்மைதான், ஆனால் தமிழ்நாட்டில் அது உதவாது. அந்தக் கோப்பை மீதான தடையை 2023-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

‘பேப்பர் கப்தானே’ என்று வாங்குபவர்கள் ஒரு கோப்பையைக் கிழித்துப் பார்க்கலாம். கிழிந்த ஓரத்தில் காகிதத்தை விட்டு விலகி, நகத்தால் உரிக்கக்கூடிய மெல்லிய ஏடு தெரிந்தால் அது பூச்சுள்ளது. தாம்பூலப் பையிலும் இதே கவனம் தேவை. துணி போலத் தோன்றும் நெய்யப்படாத பைகளில் குறுக்கும் நெடுக்குமான நூல் இருக்காது; சிறு சிறு புள்ளிகளாக அழுத்திய அச்சுதான் இருக்கும். அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2018 ஆணை அதையும் தடை செய்தது. அந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் மறுபரிசீலனை செய்யுமாறு உச்ச நீதிமன்றம் அதே 2023 தீர்ப்பில் கூறியது. வழக்குகளின் நிலையைத் தேடிக்கொண்டிருப்பதை விட, பருத்திப் பையில் தேங்காய் கொடுத்துவிடுவது எளிது.

வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, வாடகைக்குக் கிடைக்கும் எவர்சில்வர் டம்ளர் ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. எவர்சில்வருக்குக் கழுவும் ஆளும் தண்ணீரும் வேண்டும் என்பது உண்மை. அந்தச் செலவைச் சமையல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் கடைசி நேரத்தில் கோப்பைப் பெட்டிகள் வந்து இறங்காது. சிறிய தண்ணீர் பாட்டிலை மாநிலப் பட்டியல் பொதுவாகத் தடுக்கவில்லை என்றாலும், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களுக்குத் தடை உண்டு. மலையில் திருமணம் வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மீறினால் அபராதம் உண்டு. பிளாஸ்டிக் தடைக்காக 2019-இல் திருத்தப்பட்ட நகராட்சிச் சட்டங்கள், தயாரிப்பாளர், பெரிய வணிக நிறுவனம், சிறு கடை எனத் தரம் பிரித்து, தவறு திரும்பத் திரும்ப நடக்க நடக்க உயரும் தொகையை விதிக்கின்றன. பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தைச் சென்னை மாநகராட்சி 2024-இல் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. விழா முடிந்த இரவில் இலைக்கட்டைத் தெருமுனையில் தள்ளிவிட்டுப் போவதும் இதில் அடங்கும்.

சென்னையில் நாளொன்றுக்குச் சேரும் ஏறத்தாழ 5,000 டன் குப்பையில் பிரிக்கப்படாத பகுதி நீண்ட காலமாகக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய்க்கொண்டிருந்தது. பெருங்குடிக் கிடங்கு, 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ஏற்பு, பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலேயே அமைந்தது. அங்கே மலையாகக் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணிக்கு அரசு பெரும் பொருள் செலவிடுகிறது. பந்தியில் ஒருவர் நின்று பிரித்தால் மிச்சமாகும் வேலை அது.

தண்டனை தவிர ஊக்கமும் உண்டு. 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் தொடர்ச்சியாக, பிளாஸ்டிக் இல்லா வளாகத்தை உருவாக்கும் பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு மாநில அரசு மஞ்சப்பை விருது வழங்குகிறது. முதல் பரிசு 10 லட்சம், இரண்டாவது 5 லட்சம், மூன்றாவது 3 லட்சம் ரூபாய். குடியிருப்போர் சங்கங்கள் இந்த மூன்று வகைகளில் இல்லை. ஆண்டு விழாவை மைதானத்தில் நடத்தும் பள்ளிகளுக்கு வாய்ப்பு உண்டு. கடிதம் கொடுத்தும் குப்பை வண்டி வரவில்லை என்றால், சென்னையில் 1913 என்ற எண்ணில் மாநகராட்சியிடம் புகார் பதிவு செய்யலாம். அப்போது ஒப்புகை பெற்ற கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும்.