துலங்கல்சார் கட்டட வடிவமைப்பு

சூழலின் மாற்றத்தை உணர்ந்து, தன் உறுப்புகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் கட்டடத்தை அமைக்கும் முறைக்கு 'ரெஸ்பான்சிவ் டிசைன்' என்று பெயர். 'பதிலுக்கு உறுதி கூறுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினைச்சொல்லே இதன் வேர். கட்டடக்கலையில் இக்கருத்தை 1960களின் இறுதியில் முன்வைத்தவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நிக்கோலஸ் நெக்ரோபான்டி. புயல்காற்றைத் தாங்க வேண்டிய வீடுகளுக்கு இம்முறை எப்படிப் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

'ரெஸ்பான்சிவ்' என்பதைத் தமிழில் 'எதிர்வினை' என்றால், காற்றை எதிர்த்து நிற்பதாகப் பொருள் திரிகிறது. 'தகவமைப்பு' என்பதோ உயிரினங்கள் தலைமுறைகள் கடந்து பெறும் மாற்றத்துக்கு உரியது. தூண்டலுக்கு உடனுக்குடன் எழும் விளைவைப் பாடநூல்கள் 'துலங்கல்' என்பதால், 'துலங்கல்சார் கட்டட வடிவமைப்பு' என்பதே என் தேர்வு.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டியபோதெல்லாம் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறியது. பாலம் வீடன்று என்றாலும், துலங்கலின் முறை அங்கே தெளிவாகத் தெரிந்தது: காற்றுமானி உணர்ந்தது, அளவு மீறியதும் கருவி செயல்பட்டது. வீட்டில் அந்தச் செயல், காற்று வரும் பக்கத்துச் சன்னல் அடைப்புகளை மூடுவதாக இருக்க வேண்டும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 25 மீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 நியூட்டனாக இருப்பது, 50 மீட்டரில் 1500 ஆகிவிடும். கூரைமேல் விரைந்தோடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலுமே இந்த இழுவை மிகுதி. அந்நேரத்தில் காற்றுப்பக்கத்துச் சன்னல் ஒன்று உடைந்தாலும், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ள, மேலே உறிஞ்சல் இழுக்க, ஆணியை மட்டும் நம்பிய தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விடும். கடலோரக் குடிசைகளில் பழைய வலையை ஓலைக்கூரையின்மேல் விரித்து, ஓரங்களை இழுத்துக் கட்டுவது இதே விசைக்கு எதிரான காப்புதான். அது தானாகத் துலங்காது என்றாலும், கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் பிணைக்காத வீட்டில் எந்தக் கருவியும் பயன்தராது என்பதால், இந்தப் பிணைப்பையே நான் முதலில் வைப்பேன்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் காற்றோடு கடலும் ஊருக்குள் ஏறியது. கடலேற்றத்துக்கு மேடான இடமும் முன்கூட்டிய வெளியேற்றமுமே காப்பு. காற்றைப் பொறுத்தவரை, அடைப்புகளை மோட்டாரால் இயக்கினாலும் கையால் சுழற்றி மூடும் வசதி கட்டாயம் வேண்டும். புயலின்போது மின்சாரம்தான் முதலில் போகும்.