முயல் அரளியைத் தின்றுவிட்டால்

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் செவ்வரளி ஒன்று மரமாகவே வளர்ந்து நிற்கிறது. விடிந்ததும் பூப்பறித்துக் கூடையைச் சாமி வீட்டு வாசலில் தரையில் வைப்பது அப்பத்தா வழக்கம். போன சித்திரையில் ஒரு நாள், தம்பி மகள் வளர்க்கும் வெள்ளை முயல் அந்தக் கூடைக்குள் தலையை விட்டிருந்தது. ஒன்றரைக் கிலோ எடை. பூவோடு ஒடிந்து வந்த இலை ஒன்றில் பாதியைக் காணோம். கடித்த விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேராக, ஈரமாக இருந்தது.

"ஏப்பா, உப்புத் தண்ணியக் கரைச்சுக் குடு, வாந்தி எடுத்துரும்" என்றார்கள் அப்பத்தா.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது அந்த வழியாகத் திரும்பி வராது. எலிக்கும் இப்படித்தான். அதனால் உப்புத் தண்ணீர் நஞ்சை வெளியேற்றாது, நஞ்சோடு உப்பையும் சேர்க்கும், அவ்வளவுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. முயல் மூக்கால்தான் மூச்சு விடும். திமிறும் முயலின் வாயில் எதையாவது ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். நல்லெண்ணெய் ஊற்றினாலும் இதே கதிதான். பால் விஷத்தை முறிக்கும் என்பதும் தப்பு.

உள்ளே போன இலை என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் மற்றதெல்லாம் புரியும். முயலின் இரைப்பை ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. அங்கிருந்து சிறுகுடலைத் தாண்டியதும் ஒரு சல்லடை வேலை நடக்கிறது. நாரின் பெரிய துணுக்குகள் நேரே வெளியேறி, நாம் பார்க்கும் கெட்டிப் புழுக்கையாகின்றன. பொடித்துகளும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, குருட்டுக்குடல் என்ற பெரிய பைக்குள் போகின்றன. முயலின் வயிற்றில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்து, மென்மையான இன்னொரு வகைப் புழுக்கையாக்குகின்றன. முயல் அதைத் தரையில் விழக்கூட விடாமல் வாயை வைத்து எடுத்துத் தின்றுவிடும். சத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் சில நஞ்சுகளுக்கு அதுவே இரண்டாவது முறை உள்ளே போகும் வழியாகிவிடும்.

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் வீரியம் போகாது. இதயத் தசைச் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. அரளியில் உள்ள ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு அந்தப் பம்பை அடைத்துவிடும். செல்லுக்குள் சோடியம் தேங்கும், கூடவே கால்சியமும் ஏறும், துடிப்பின் தாளம் கெடும். நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் துடிப்பது முயலுக்குச் சாதாரணம் என்பதால், கையை வைத்துப் பார்த்து நம்மால் எதையும் கணிக்க முடியாது.

ஊமத்தை இலையை மேய்ந்த முயல் ஒன்றும் ஆகாமல் திரிந்தது என்று ஊரில் சொல்பவர்கள் உண்டு. அது கட்டுக்கதை அல்ல. ஊமத்தையில் உள்ள நஞ்சுகளில் அட்ரோபினும் ஒன்று. சில முயல்களின் இரத்தத்தில் அட்ரோபினை உடைத்துப் போடும் நொதி பிறவியிலேயே இருக்கிறது. எல்லா முயலுக்கும் இல்லை. அந்த நொதிக்கு அரளி நஞ்சிடம் வேலை கிடையாது. இன்னும் கவனிக்க வேண்டியது, இந்த வரமே சில சமயம் வினையாவது. பூச்சிமருந்து அடித்த கீரையைத் தின்று எச்சில் வடிய நடுங்கும் முயலுக்கு, அந்த மருந்து ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால், கொடுக்க வேண்டிய மாற்று மருந்து அட்ரோபின்தான். ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்த நொதி அதை உடைத்துவிடக்கூடும். அதனால் முயலுக்கு மறுபடி மறுபடி போட வேண்டி வரும், அல்லது வேறு மருந்து சேர்க்க வேண்டி வரும். நாயையும் மாட்டையும் மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போனால் இதை மரியாதையாக நினைவூட்டுவதில் தப்பே இல்லை.

அன்றைக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். வாயில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் எடுத்தோம். மீதி இலையை ஒரு பையில் போட்டோம். எத்தனை மணிக்கு, எவ்வளவு, முயலின் எடை என்ன என்று எழுதிக்கொண்டோம். கூடையில் துணி விரித்து, அருகம்புல்லும் போட்டு, வெயில் ஏறும் முன் காரைக்குடிக்குப் புறப்பட்டோம். பட்டினி போடவில்லை. முயலுக்கு வயிறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுபோய், நஞ்சு செய்யாததை அது செய்துவிடக்கூடும். வண்டி இல்லாதவர்கள் கால்நடை உதவி எண் 1962க்குப் பேசிப் பார்க்கலாம்.

டாக்டர் கொடுத்தது செயலூட்டப்பட்ட கரி. அடுப்புக்கரி அல்ல. இந்தத் தூளில் ஒரு கிராமின் உள்துளைகளை எல்லாம் விரித்தால் ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர் வரும். வளவும் சுற்றுப் பத்தியுமாக ஒரு பெரிய வீட்டின் தரை. அந்தப் பரப்பில் நஞ்சு ஒட்டிக்கொண்டு புழுக்கையோடு போய்விடும். அரளி நஞ்சு பித்தத்தோடு குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படுவதால் ஒரு வேளை போதாது. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, கடைவாய் ஓரத்தில், மூன்று வேளை கொடுத்தார்கள். வெள்ளை முயலின் தாடை இரண்டு நாளும் கறுப்பாகவே இருந்தது.

எலி மருந்து என்றால் கதை வேறு. இரத்தம் உறையவிடாத வகையைத் தின்ற முயல் இரண்டு மூன்று நாள் துள்ளி விளையாடிவிட்டு அப்புறம்தான் உள்ளே இரத்தம் கசிந்து சோரும். அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மருந்து வந்த உறையையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு மாற்று மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது. கல்யாண வீட்டுத் தேன்குழலும் சீயமும் விஷமில்லைதான். ஆனாலும் மாவும் சர்க்கரையும் குருட்டுக்குடலில் கெட்ட கிருமிகளைப் பெருக்கிவிடும், குட்டி முயலுக்கு அதுவே உயிருக்கு உலை.

முயல் வலியைக் காட்டாது. பெரும்பாலும் கத்தாது, புரளாது, மூலையில் குன்றி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும், அவ்வளவுதான். நம்பிப் பார்க்கக்கூடியது புழுக்கை. எண்ணிக்கை குறைகிறதா, சிறுத்துப் போகிறதா, அடியோடு நின்றுவிட்டதா என்று பார்த்தோம். முதல் நாள் இரவு நாலைந்துதான், மிளகு அளவில். மறுநாள் கரி கலந்து கறுப்பாகக் கொஞ்சம். மூன்றாம் நாள் விடியற்காலையில் இரண்டாம் கட்டின் ஆத்தங்குடிக் கல்லில், கடலைப் பருப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒரு கைப்பிடி கிடந்தது. கூட்டித் தள்ளாமல், எனக்குக் காட்டுவதற்காக அப்பத்தா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.