23-வது மாடியில் ஒரு கட்டுப்பாட்டு அறை

நியூயார்க் மாநகராட்சி 1999-இல் சுமார் 1.3 கோடி டாலர் செலவில் ஓர் அவசரகால செயல்பாட்டு மையத்தைத் திறந்தது. தனி ஜெனரேட்டர், தனி டீசல் தொட்டி, தனியாகக் காற்றும் தண்ணீரும் என்று எல்லாம் இருந்தன. இடம்தான் கேள்விக்குரியது: உலக வர்த்தக மையத்தின் 7-ஆம் எண் கட்டடம், 23-வது மாடி. அந்த வளாகத்தில் 1993-இலேயே குண்டு வெடித்து 6 பேர் இறந்திருந்தார்கள். ஏற்கெனவே தாக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில், அதுவும் லிஃப்ட் நின்றால் ஏறிப் போகவே சிரமமான உயரத்தில் ஏன் என்று அப்போதே சிலர் கேட்டார்கள்.

2001 செப்டம்பர் 11 காலை ஒன்பதரை மணிவாக்கில் அந்த மையத்தையே காலி செய்ய வேண்டியதாயிற்று. மாலை 5.20-க்குக் கட்டடம் முழுவதும் சரிந்தது. மாற்று மையம் என்று எதுவும் தயாராக இல்லை. அதிர்ஷ்டவசமாக, மறுநாள் நடக்கவிருந்த ஓர் ஒத்திகைக்காக ஹட்சன் ஆற்றங்கரையில் 92-ஆம் எண் கப்பல் துறையில் பெரிய கூடம் ஏற்பாடாகியிருந்தது. சில நாட்களில் அங்கேயே தற்காலிக மையம் இயங்கத் தொடங்கியது.

சரி, இப்படி ஒரு மையத்தில் என்னதான் நடக்கிறது? தீயை அணைப்பதும் ஆளை மீட்பதும் களத்தில் நிற்கும் அதிகாரியின் பொறுப்பு. அவருக்குத் தேவையானதைத் தேடிப் பிடித்து அனுப்புவதும், ஊர் முழுவதற்குமான நிலவரத்தைத் தொகுப்பதும் மையத்தின் வேலை. (நம் மாவட்டங்களில் 1077-ஐ அழைத்தால் எடுக்கும் கட்டுப்பாட்டு அறையும் இந்த வகைதான்.) ஒரு தெருவில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், ஒரு மருத்துவமனைக்கு டீசல் வேண்டும், அந்த லாரி போக ஒரு பாலத்தைத் திறந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின் நிறுவனம், சுகாதாரத் துறை, போக்குவரத்துக் காவல் மூன்றின் ஆட்களும் ஒரே அறையில் இருந்தால் இது சில நிமிடப் பேச்சில் முடிந்துவிடும். ஆனால் அவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவர் நாற்காலியை அடைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

யார் எங்கே உட்காருவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. 1970-இல் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயில், ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொன்றோடு பேசாமல், ஆளுக்கொரு உத்தரவு போட்டுக் குழம்பிய அனுபவத்திலிருந்து பிறந்தது அது. பல அமெரிக்க மையங்கள் இன்றும் அந்த அடிப்படையில் செயல்பாடு, திட்டமிடல், தளவாடம், நிதி என நான்கு பிரிவுகளாக இயங்குகின்றன. வெள்ளம் வரும் நேரத்தில் கணக்குப்பிள்ளைக்கு என்ன வேலை என்று தோன்றும். பெரும் பேரிடராக அறிவிக்கப்பட்டால், தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 சதவீதத்தை அமெரிக்க மத்திய அரசு திருப்பித் தரும். ஆனால் எந்த பொக்லைன் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் எவ்வளவு ஓவர்டைம் பார்த்தார் என்று ஆவணம் காட்ட வேண்டும். முதல் நாளிலேயே எழுதி வைக்காத கணக்கைப் பிறகு உருவாக்குவது பெரும்பாடு. ஆகவே நிதிப் பிரிவுக்கும் அந்த அறையில் மேசை உண்டு.

வடிவமைப்பில் முதல் கேள்வி இடம். ஜப்பானின் மினாமிசான்ரிகு நகரத்தில் பேரிடர் தடுப்புக்கென்றே மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி அதன் கூரைக்கு மேலேயே போனது. எச்சரிக்கை ஒலிபரப்பிக்கொண்டிருந்த ஊழியர்கள் உட்பட 43 பேர் அங்கே இறந்தார்கள். எலும்புக்கூடாய் நின்ற இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியது.

அமெரிக்கக் கட்டட விதிகள் இத்தகைய மையத்தை மருத்துவமனைகளோடு சேர்த்து மிக உயர்ந்த வகையில் வைக்கின்றன. நிலநடுக்க விசையைக் கணக்கிடும்போது சாதாரணக் கட்டடத்துக்கு உள்ளதைப் போல ஒன்றரை மடங்கு எடுக்க வேண்டும். வெள்ளத்துக்கு, 500 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மட்டத்துக்கும் வெளியே இடம் பார்ப்பார்கள். 500 ஆண்டு என்றதும் நம் காலத்தில் வராது என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் 0.2 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் கணக்கு. 50 ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு அது ஏறக்குறைய 10 சதவீதமாகிவிடும்.

அடுத்தது மின்சாரம். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அதற்கு டீசல் எந்த வழியாகப் போகிறது என்று தொடர்ந்து கேட்க வேண்டும். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலேற்றும் பம்புகளோ அடித்தளத்தில் மூழ்கிப் போயின. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் மாடிப்படியில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இதே கதைதான்: இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டு, இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் ஓடினால் அது ஒரே இணைப்பு.

அறைக்குள் எல்லோர் கண்ணும் போவது சுவரை மறைக்கும் பெரிய திரைக்கு. என் கணிப்பில், ஒதுக்கப்படும் கவனத்துக்கு மிகக் குறைவாகப் பயன்படும் பொருள் அதுதான். பெரும்பாலானோர் தன் மேசைக் கணினியையும் தொலைபேசியையும்தான் பார்க்கிறார்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் எதிரொலியை அடக்கும் கூரை, நான்கைந்து பேர் ஒதுங்கிப் பேசச் சின்ன அறைகள், மேயருக்குத் தனி அறை, பத்திரிகையாளர்களுக்கு வேறு வாசல் ஆகியவை முக்கியம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் கழிப்பறை, சமையலறை, படுக்கை வேண்டும். இதெல்லாம் திறப்பு விழாப் படத்தில் வராது.

இனிப் பணம். நியூயார்க் 2006-இல் புரூக்ளினில் திறந்த புதிய மையத்துக்குச் சுமார் 5 கோடி டாலர் ஆனது. சின்ன கவுண்டிகளால் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அதை நினைத்துப் பார்க்க முடியாது. கட்டுவதற்கென அமெரிக்க மத்திய பேரிடர் மேலாண்மை முகமை தரும் மானியம் செலவில் 75 சதவீதம் வரை ஏற்கும், மீதி 25 சதவீதம் உள்ளூர்ப் பங்கு. ஆனால் சமீப ஆண்டுகளில் அந்த மானியம் பெரும்பாலும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெயர் குறித்துக் கொடுக்கும் திட்டங்களுக்கே போகிறது. எங்கே ஆபத்து அதிகம் என்பதோடு யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்பதும் இதில் கலந்துவிடுகிறது.

கட்டிய பிறகுதான் உண்மையான செலவே. ஆட்களின் சம்பளம், மென்பொருள் உரிமம், பேட்டரி மாற்றுவது, ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஓட்டிப் பார்ப்பது. சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் வேறொரு மத்திய மானியம் உண்டு. அதில் உள்ளூர் பாதி போட வேண்டும். ஆகவே பல ஊர்கள் 911 என்ற அவசர உதவி எண்ணின் அழைப்பு மையத்தோடு சேர்த்தே கட்டுகின்றன. அதே பாதுகாப்பான கட்டடம், அதே ஜெனரேட்டர், இரவு பகலாக ஆள் நடமாட்டம்; ஏதாவது பழுதானால் அன்றே தெரிந்துவிடும். அதிலும் ஒரு சிக்கல்: அந்தக் கட்டடம் போனால் இரண்டும் சேர்ந்து போகும். அதனால் பக்கத்துக் கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் கூடத்தை மாற்று மையமாக வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்து, கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.